நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளர்களின் நடைப்பயிற்சியில் காலடி எண்ணும் கருவி: திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உடையவர்கள் மூச்சுத்திணறலுக்கு அஞ்சி நடையைக் குறைத்துக்கொள்கின்றனர். நடை குறைவதால் தசைகள் தளர்ந்து, அதே மூச்சுத்திணறல் மேலும் பெருகுகிறது. இச்சுழலை உடைப்பதற்குக் காலடி எண்ணும் கருவி எவ்வகையில் உதவும், எவ்விடத்தில் உதவாது என்பதைப் பன்னாட்டு மருத்துவ ஆய்வுகளின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. நாளொன்றுக்குப் பத்தாயிரம் காலடி என்னும் பொது இலக்கு இந்நோயாளர்களுக்குப் பொருந்தாது என்பதும், அவரவர் அடிப்படை அளவிலிருந்து சிறுகச் சிறுக உயர்த்தப்படும் இலக்கே பயன் தரும் என்பதும் இதன் மையக் கருத்தாகும். திருவரங்கத்தின் சுற்று வீதிகளும் திருச்சிராப்பள்ளியின் தட்பவெப்பமும் இம்முறைக்கு அமைந்த களமாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: நுரையீரல் அடைப்பு நோய், மூச்சுத்திணறல், காலடி எண்ணும் கருவி, நடைப்பயிற்சி, அடிப்படை அளவு, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி.

முன்னுரை

மூச்சு வாங்குகிறது என்பதற்காக நடையைக் குறைப்பவர், நடை குறைந்ததன் விளைவாகவே மேலும் மூச்சு வாங்கும் நிலைக்கு ஆளாகிறார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயின் மிகப் பெரிய இடர் இதுவே எனலாம். மருந்து மூச்சுக்குழலை ஓரளவு விரிக்கும். ஆனால் தளர்ந்துபோன காலின் தசையை மருந்தால் மீட்க இயலாது. அதனை நடையே மீட்கும். எனினும் ‘நடந்து பழகுங்கள்’ என்னும் பொதுவான அறிவுரை பெரும்பாலும் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது. எவ்வளவு நடப்பது, எங்கிருந்து தொடங்குவது, முன்னேற்றத்தை எவ்வாறு அறிவது என்னும் வினாக்களுக்கு அவ்வறிவுரையில் விடை இல்லை. பெடோமீட்டர் எனப்படும் காலடி எண்ணும் கருவி இவ்வினாக்களுக்கு எண்ணால் விடை தரும் எளிய துணையாகும்.

நோயின் இயல்பும் பரவலும்

இந்நோயில் மூச்சுக்குழல்கள் சுருங்கியும் நுரையீரலின் காற்றறைகள் சிதைந்தும் போவதால், உள்ளிழுத்த காற்று முழுமையாக வெளியேறுவதில்லை. மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பின்னரும், ஒருவர் முழு வலிவுடன் ஊதும் மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளிவருவது 70 விழுக்காட்டிற்குக் குறைவாக இருப்பின், காற்றோட்ட அடைப்பு உள்ளதென மருத்துவர் கொள்வர். ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதுபரிசோதனை இதனைக் கண்டறிகிறது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் இந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 35 இலட்சம் பேர். இந்தியாவில் 1990இல் 2.81 கோடியாக இருந்த நோயாளர் எண்ணிக்கை 2016இல் 5.53 கோடியாக உயர்ந்தது என உலக நோய்ச்சுமை ஆய்வின் இந்தியப் பகுதி மதிப்பிட்டது. அவ்வாண்டு இந்நோயால் விளைந்த நலவாழ்வு இழப்பில் 53.7 விழுக்காட்டிற்குக் காற்று மாசும் 25.4 விழுக்காட்டிற்குப் புகையிலையும் காரணங்கள் எனவும் அது காட்டியது.

எனவே இதனைப் புகைபிடிக்கும் ஆண்களின் நோய் என்று மட்டும் கருதுவது பிழையாகும். திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் 30 வயதைக் கடந்த, புகைபிடிக்காத 900 பெண்களிடம் நடத்தப்பெற்று 2011இல் வெளியான ஆய்வில், 2.44 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பது கண்டறியப்பட்டது. சுருட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற உறையூரை உள்ளடக்கிய திருச்சிராப்பள்ளியில் புகையிலை ஒரு காரணமாக நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் பல்லாண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்த பெண்களையும், பட்டறைத் தூசியில் உழைத்தவர்களையும் இந்நோய் தாக்குகிறது என்பதை மறத்தலாகாது.

நடை குறைவதன் விளைவு

நலமுடைய ஒருவர் விரைந்து நடக்கும்போது மூச்சின் வேகமும் ஆழமும் கூடுகின்றன. அடைப்பு நோயுடையவருக்கோ மூச்சின் வேகம் கூடுந்தோறும் காற்றை வெளிவிடும் நேரம் குறைகிறது. முன் இழுத்த காற்று முழுதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சு தொடங்கிவிடுவதால், நெஞ்சுக்குள் காற்று தேங்கி நுரையீரல் உப்புகிறது. ‘மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை’ என நோயாளர் கூறுவர். உண்மையில் பழைய காற்று வெளியேறாமையே அங்குள்ள சிக்கலாகும்.

இவ்வனுபவம் அச்சத்தைத் தோற்றுவிக்கிறது. முதலில் மாடிப்படி தவிர்க்கப்படுகிறது, பின்னர்க் கடைவீதி, அதன்பின் கோயில், இறுதியில் குளியலறைக்குச் செல்வதே பெரும்பாடாகிறது. பயன்படாத தொடைத் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசை சிறு உழைப்பிற்கே லாக்டிக் அமிலத்தை மிகுதியாக உண்டாக்கும். அதனை ஈடுசெய்ய உடல் மேலும் மூச்சை நாடும். இவ்வாறு நுரையீரலில் தொடங்கிய நோய் கால்களின் வழியாக வளர்கிறது.

பெல்ஜிய நாட்டு லூவன் நகரில் நடைபெற்று 2005இல் வெளியான ஆய்வில், நலமுடைய முதியோர் நாளொன்றுக்குச் சராசரியாக 81 நிமிடங்கள் நடக்க, இந்நோயாளர் 44 நிமிடங்களே நடந்தனர். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகர மக்களிடம் நடத்தப்பெற்ற நீண்டகால ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. வாரத்திற்கு ஏறத்தாழ இரண்டு மணிநேரமாவது நடப்பவர்கள் அல்லது மிதிவண்டி ஓட்டுபவர்கள், இந்நோயால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு குறைந்தவர்கள் என அது காட்டியது. ஜெர்மனியில் 170 நோயாளர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வோ, அவர்களது அன்றாட உடலியக்கத்தின் அளவே இறப்பு வாய்ப்பினை மிக வலுவாக முன்னறிவித்தது என்னும் முடிவிற்கு வந்தது. இத்தகைய நோக்கீட்டு ஆய்வுகளில் நோய் முற்றியவர் குறைவாக நடப்பதும் கலந்திருக்கும் என்பதை நினைவிற்கொள்ளினும், நடை இந்நோயாளரின் நிலையைக் காட்டும் நம்பகமான அளவுகோல் என்பதில் ஐயமில்லை.

பத்தாயிரம் என்னும் எண்

காலடி எண்ணும் கருவியைக் கையில் கட்டியவுடன் பலர் நாடும் இலக்கு பத்தாயிரம். இவ்வெண்ணின் தோற்றம் மருத்துவ ஆய்வன்று. டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்கு அடுத்த ஆண்டான 1965இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் ‘மன்போ-கெய்’ என்னும் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. ‘பத்தாயிரம் காலடி அளவி’ என்பதே அப்பெயரின் பொருள். எளிதில் நினைவில் நிற்கும் வணிகப் பெயர் நாளடைவில் நலவாழ்வு நெறியாக நிலைபெற்றுவிட்டது. பல நாடுகளின் 15 ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான பகுப்பாய்வு, 60 வயதைக் கடந்த பொதுமக்களிடம்கூட 6,000 முதல் 8,000 காலடிகளுக்கு மேல் இறப்பு வாய்ப்பு பெரிதாகக் குறைவதில்லை எனக் காட்டியது.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளப்படுத்தியது. நலமுடையோரை நடக்கத் தூண்டுவதில் இதன் பயன் பெரிது. ஆனால் 8 கிலோமீட்டரைப் பத்தாயிரம் காலடிகளில் கடக்க ஒவ்வொரு காலடியும் 80 சென்டிமீட்டர் நீளம் இருத்தல் வேண்டும். மூச்சிரைப்பால் குறுகிய எட்டு வைத்து நடக்கும் முதியவரின் காலடி 55 சென்டிமீட்டர் எனக் கொண்டால், அதே தொலைவு அவருக்கு 14,500 காலடிகளைத் தாண்டிவிடும். நாளொன்றுக்கு 2,000 காலடி நடப்பவர் முன் இவ்விலக்கை வைப்பது, முதல் வாரத்திலேயே கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிடச் செய்யும்.

ஆய்வுகள் காட்டும் உண்மைகள்

இந்நோயாளர்களுக்கு எவ்வளவு உயர்வு பொருளுடையது? நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றவர்களை ஆராய்ந்து 2016இல் வெளியான கட்டுரை, நாளொன்றுக்கு 600 முதல் 1,100 காலடிகள் வரையிலான உயர்வே குறிப்பிடத்தக்க நன்மை எனக் கணித்தது. நிமிடத்திற்கு 75 காலடி வீதம் நடப்பவருக்கு 600 காலடி என்பது 8 நிமிட நடையே. முழு நாளிலும் சிதறிக் கிடக்கும் இந்த 8 நிமிடங்களே சிகிச்சையின் அளவு என்னும் செய்தி, நோயாளர்க்கும் குடும்பத்தார்க்கும் பெரும் ஆறுதல் தருவதாகும்.

சிலி நாட்டில் 97 நோயாளர்களிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், கருவியும் தனிப்பட்ட இலக்கும் பெற்றோர் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 3,080 காலடி கூடுதலாக நடந்தனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரிடம் இவ்வுயர்வு 138 காலடியே. ஐரோப்பாவின் ஆறு மையங்களில் 343 பேரிடம் நடத்தப்பெற்று 2017இல் வெளியான ஆய்வில், கைப்பேசி வழி ஊக்கம் பெற்றோர் 12 வாரங்களில் ஏனையோரைவிட 1,469 காலடி மிகுதியாக நடந்தனர்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்க முன்னாள் படைவீரர் 239 பேரிடம் கருவியும் இணையதள வழிகாட்டலும் தரப்பட்ட ஆய்வில், நான்காம் மாதத்தில் 779 காலடிகளாக இருந்த வேறுபாடு பன்னிரண்டாம் மாதத்தில் மறைந்துவிட்டது. இலண்டனில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு, ஏற்கெனவே மறுவாழ்வுப் பயிற்சியில் இருப்போருக்குக் கருவியைச் சேர்த்தளிப்பதால் கூடுதல் பயன் இல்லை எனக் காட்டியது. இம்முடிவுகளை ஒருங்கே நோக்கின், கருவி மருந்தன்று; அது ஒரு கண்ணாடி என்பது புலனாகும். அக்கண்ணாடியைப் பார்க்கவும், பார்த்ததைப் பேசவும் ஒருவர் உடனிருக்கும்வரை அது பயன் தருகிறது. புதுமை தேய்ந்து கவனம் குறையும்போது பயனும் தேய்கிறது.

கருவியின் தேர்வும் பிழைகளும்

பழைய வகைக் கருவி இடுப்பில் செருகப்படுவது. உள்ளிருக்கும் வில்கம்பி ஒவ்வொரு குலுக்கலிலும் அசைந்து எண்ணும். மணிக்கு 3 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் குலுக்கல் போதாமல் அது பல காலடிகளை விட்டுவிடும். மெல்ல நடப்பதே இந்நோயாளரின் இயல்பாதலால் இக்குறை பெரிது. புடவைக் கொசுவத்திலும் வேட்டி மடிப்பிலும் செருகும்போது கருவி சாய்ந்துவிடுவதால் பிழை மேலும் கூடும். முடுக்கத்தை உணரும் மின்னணுக் கருவிகள் இவ்வகையில் மேம்பட்டவை. எனினும் மணிக்கட்டில் கட்டும் கருவி, நடைச்சட்டத்தைப் பற்றிய கை அசையாதபோது குறைத்து எண்ணக்கூடும். கைப்பேசியோ உடம்போடு இருக்கும்போது மட்டுமே எண்ணும். சமையலறை அலமாரியில் கைப்பேசியை வைத்துவிட்டு வீடு முழுதும் இயங்கும் பெண்ணின் உழைப்பு அதன் கணக்கில் சேர்வதில்லை.

இதற்கு எளிய சோதனை உண்டு. சமதளத்தில் வாய்விட்டு எண்ணியபடி 100 காலடி நடந்து, கருவியின் எண்ணோடு ஒப்பிடுதல் வேண்டும். வேறுபாடு ஐந்துக்கு மேற்படின் கருவியை வேறிடத்தில் அணிந்து மீண்டும் சோதிக்கலாம். ஒரே கருவியை ஒரே இடத்தில் நாள்தோறும் அணிவது, விலையுயர்ந்த கருவியை வாங்குவதினும் இன்றியமையாதது.

அடிப்படை அளவும் இலக்கும்

முதல் ஏழு நாள்கள் நோயாளர் தம் வழக்கத்தை மாற்றாமல், விழித்திருக்கும் நேரம் முழுதும் கருவியை அணிந்து, இரவில் எண்ணைக் குறித்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக ஒருவரது எண்கள் 1,900, 2,300, 2,100, 1,700, 2,400, 2,000, 2,300 எனக் கொள்வோம். மொத்தம் 14,700, நாள் சராசரி 2,100. இதுவே அவரது அடிப்படை அளவு. அடுத்த வாரத்தின் இலக்கு 2,400. அதற்கடுத்த வாரம் 2,700. வாரத்திற்கு 300 காலடி, அதாவது நாளும் நான்கு நிமிட நடை என்னும் உயர்வில், நான்காம் வார முடிவில் அவர் 3,300ஐ எட்டுவார். மேற்கூறிய 600 முதல் 1,100 என்னும் வரம்பை அவர் அப்போதே கடந்திருப்பார். இலக்கை எட்டாத வாரத்தில் அதனை உயர்த்தாமல் அவ்வாறே தொடரலாம்.

வேகத்திற்கு அளவுகோல் பேச்சு. நடக்கும்போது சிறு வாக்கியமாகப் பேச இயலவேண்டும். ஒரு சொல்லுக்கே மூச்சு முட்டினால் நின்று இளைப்பாறுதல் வேண்டும். உதடுகளைக் குவித்து, விளக்கை அணையாமல் அசைப்பதுபோல் மெல்ல ஊதி மூச்சுவிடுவது, தேங்கிய காற்றை வெளியேற்ற உதவும். நடைக்கு முன் உறிஞ்சுமருந்து எடுக்க வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், உதடு நீலம்பாரித்தல் ஆகியன தோன்றினால் நடையை உடனே நிறுத்தி மருத்துவரை நாடவேண்டும். வீட்டில் ஆக்சிஜன் பெறுவோரும் இதயநோய் உடையோரும் மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின்னரே தொடங்குதல் நன்று.

திருவரங்க வீதிகளும் திருச்சிராப்பள்ளிச் சூழலும்

ஸ்பெயினின் பார்சலோனா பகுதியில் 407 நோயாளர்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, நகரின் தெருக்களையும் பூங்காக்களையும் கடினத்தின்படி தரம்பிரித்து நடைத்தடங்களாக அமைத்தது. தடங்களை முறையாகப் பின்பற்றியோர் ஓராண்டிற்குப் பின்னும் நாளொன்றுக்கு 957 காலடி கூடுதலாக நடந்தனர். பின்பற்றாதோரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அவ்வேறுபாடு புலப்படவில்லை. எண்ணோடு இடமும் வேண்டும் என்பது இதன் படிப்பினை.

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கம் இத்தகைய தடங்களை இயல்பாகவே பெற்றுள்ளது. அரங்கநாதர் கோயிலின் திருச்சுற்றுகளில் வெளிப்புறத்தே அமைந்த உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி ஆகியன ஒன்றையொன்று சூழ்ந்த சமதளச் சுற்றுகள். உள்ளே சிறியதும் வெளியே பெரியதுமாக அமைந்த இம்மூன்றும் தரம்பிரித்த நடைத்தடங்களாகும். வெளிப்புறத்து அடையவளஞ்சான் வீதியின் முழுச்சுற்று ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். 55 சென்டிமீட்டர் காலடிக்கு அது 5,400ஐத் தாண்டும். எனவே அது தொடக்க இலக்கன்று. உத்திர வீதியின் ஒரு பக்கத்தை மட்டும் நடந்து திரும்புவது தொடக்கம். இரு பக்கங்கள் அடுத்த நிலை. முழுச்சுற்று அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு பக்கத்திற்கும் தமக்கு எத்தனை காலடி ஆகிறது என ஒருமுறை குறித்துக்கொண்டவர், பின்னர்க் கருவி இல்லாத நாளிலும் தம் நடையை அளந்துகொள்வார். வலம் வருதல் என்னும் பழக்கம் உள்ளவர்க்கு இது புதிய கடமையாகத் தோன்றாது. கோயில் வழக்கம் இல்லாதவர்க்கும் அது நிழலும் திண்ணையும் கடைகளும் உள்ள ஊர்வீதியே. இடையிடையே அமர இடம் கிடைப்பதே இங்கு முதன்மையானது.

மலைக்கோட்டையின் நிலை வேறு. ஏறத்தாழ 83 மீட்டர் உயரமுள்ள பாறையின்மீது உச்சிப்பிள்ளையாரைக் காணச் செல்லும் படிகளில் ஒவ்வொன்றையும் சாதாரண கருவி சமதளக் காலடியாகவே எண்ணும். உடல் செலவிடும் உழைப்போ பன்மடங்கு. எண் சிறிதாயினும் சுமை பெரிது என்பதால் நோயாளர் படியேற்றத்தைக் காலடிக் கணக்கில் ஈடுகட்டும் வழியாகக் கொள்ளலாகாது.

பருவமும் கருதத்தக்கது. கோடையில் திருச்சிராப்பள்ளியின் பகல் வெப்பம் நடைக்கு ஏற்றதன்று; விடியலும் அந்தியுமே உகந்த பொழுதுகள். மார்கழி விடியலிலோ குளிர்ந்த காற்று மூச்சுக்குழலைச் சுருக்கக்கூடும். வெயில் ஏறிய பின் நடப்பது நன்று. வைகுண்ட ஏகாதசி விழாக்காலத்தின் நெரிசலிலும் போகிப் புகையிலும் வெளியே செல்லாது வீட்டுக் கூடத்திலேயே நடக்கலாம். கூடத்தில் வைக்கும் காலடியும் கருவிக்குக் காலடியே.

எண்ணைப் படிக்கும் துணை

கருவியின் பயன் கவனத்தைச் சார்ந்தது எனின், அக்கவனத்தை யார் அளிப்பது? புத்தூரில் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் நோயாளர் மருத்துவரைச் சந்திக்கும் நேரம் சிறிது. ஒரு மாதத்தின் எண்களை ஒரே தாளில் எழுதிக் கொணர்ந்தால் அச்சிறு நேரத்திலும் மருத்துவர் நிலையை அறிய இயலும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சை வீட்டிற்கே வருகிறது. அவ்வாறு வருவோர் காலடிக் குறிப்பைப் பார்வையிடுவதற்குக் கூடுதல் செலவு ஏதும் தேவையில்லை. வீட்டில் மகளோ மருமகனோ பேரப்பிள்ளையோ இரவில் எண்ணைக் கேட்டு எழுதுவதும் இதே பணியைச் செய்யும்.

இக்குறிப்பிற்கு மற்றொரு பயனும் உண்டு. நோய் திடீரென முற்றும் காலங்களில் நடை குறைகிறது. 2,700 காலடி நடந்தவர் காரணமின்றி இரண்டு மூன்று நாள்கள் 1,200இல் நின்றால், சளியின் நிறம் மாறியதா, இருமல் கூடியதா, காய்ச்சல் உண்டா எனக் கேட்டல் வேண்டும். ‘ஒன்றுமில்லை, அசதிதான்’ என்று சொல்லும் முதியவரைவிட அத்தாள் முன்னதாக உண்மையைச் சொல்லிவிடக்கூடும். நோய் முற்றி மீண்டவர் பழைய இலக்கிற்குத் திரும்ப முயலாமல், புதிதாக ஏழு நாள் அளந்து புதிய அடிப்படை அளவிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

முடிவுரை

காலடி எண்ணும் கருவி சிதைந்த நுரையீரலைச் சீராக்குவதில்லை. நடையின்மையால் விளையும் தளர்ச்சியையும் அச்சத்தையும் எதிர்கொள்ள அது வழிசெய்கிறது. பிறருடைய எண்ணை இலக்காக வைத்தால் அக்கருவி நோயாளரைத் தோற்கடிக்கும். அவருடைய நேற்றைய எண்ணை இலக்காக வைத்தால் அவரை முன்னெடுத்துச் செல்லும். அடிப்படை அளவு, சிறு உயர்வு, அருகிலுள்ள சமதளத் தடம், எண்ணைப் படிக்கும் ஒரு துணை ஆகிய நான்கும் சேருமிடத்தில்தான் இம்முறை நிலைக்கும் என்பது மேற்கண்ட ஆய்வுகளால் பெறப்படுகிறது. உத்திர வீதியின் ஒரு பக்கத்தை நின்று நின்று கடந்தவர், அடுத்த திங்களில் இரு பக்கங்களைக் கடப்பாராயின் அதுவே இச்சிகிச்சையின் வெற்றியாகும்.